புதன்கிழமைப் பெட்டி

என் தங்கை மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள். "பெரியம்மா, உள்ளூர்ல சுகாதாரத் துறை வேலை பார்க்கும்போது என்னென்ன சிக்கல் வருதுன்னு கட்டுரை எழுதணும். நீங்க முப்பத்திரண்டு வருஷம் பார்த்த வேலைதானே, சொல்லுங்க" என்றாள். எடுத்த எடுப்பில் என் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "கதவு." அவளுக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் பேசியும் நான் நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் 1991-இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் ஊர்கள். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. என்னுடைய ஆறு ஊர்களில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஐஸ் பேக் நான்கும் வைத்த நீலப் பெட்டியில் மருந்துக் குப்பிகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கடைசி ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நடை. தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அந்த நான்கு மணி நேரம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெண்கள் எல்லாரும் திண்ணையில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கையை நிறுத்தினால் அன்றைய எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அதனால் நான்தான் அவர்களிடம் போவேன். பிள்ளையை மடியில் போட்டு ஊசி போட்டுவிட்டு, தட்டிலிருந்த இலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அட்டையில் தேதி எழுதுவேன். முத்தடுப்பு ஊசி போட்டால் பல பிள்ளைகளுக்கு அன்று இரவு காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும். அதனால் வியாழக்கிழமை என் திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும், முதலில் அந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு ஆச்சி என்னைப் படியேற விடவில்லை. "நேத்து நல்லா இருந்த பிள்ளைய நீ குத்திப்புட்டு இன்னைக்கு வேடிக்கை பாக்க வந்தியோ" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றேன். ஈரத்துணி வாங்கித் துடைத்துவிட்டேன். மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கொடுத்தேன். மூன்றாவது பேத்தி பிறந்தபோது அதே ஆச்சிதான் ஆள் அனுப்பி, "நர்சம்மாவக் கூட்டியா, ஊசி நாள் வந்துட்டு" என்று சொல்லிவிட்டார். அந்த வாசலைக் கடக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

நான் கதவு என்று சொன்னது இதைத்தான். அந்த ஆறு வருஷத்தை எந்த ரெஜிஸ்டரிலும் எழுத இடமில்லை.

தமிழ்நாட்டில் கட்டமைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் 1922-லிருந்து இங்கே இருக்கிறது. 1939-இல் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. சிகிச்சை தருகிற மருத்துவமனைப் பிரிவு வேறு, நோய் வராமல் காக்கிற பிரிவு வேறு என்ற அந்தப் பிரிவினைக்கு என்ன மதிப்பு என்பதை 2004 டிசம்பரில் பார்த்தோம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அத்தனை உயிர்ச்சேதத்துக்குப் பின்னும் பெரிய கொள்ளைநோய் பரவவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து போன சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் பிளீச்சிங் பவுடரும் தடுப்பூசியுமாகக் கரையோரம் நின்றார்கள். எங்கள் வட்டாரத்திலிருந்து போன ஆய்வாளர் திரும்பி வந்து பல நாள் சரியாகப் பேசவில்லை. போன வேலை நடந்ததா என்று கேட்டதற்கு மட்டும், "காலரா வரலியே" என்றார்.

துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆளும் ஓரளவு இருக்கிறார்கள். இத்தனை இருந்தும் சிக்கல் எங்கே வருகிறது என்பதைத்தான் அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த மூன்று, நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சற்று நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அதே மருந்து, அதே பெட்டி, என்னைப் போன்ற ஒருத்தி. அடுத்த புதன்கிழமைக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. ஊருக்குள் போய் ஊசி போட வேண்டாம், டாக்டர் இருக்கிற இடத்துக்குத் தாய்மார்களை வரச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த உத்தரவைப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு தாய்மார்களின் முகத்தை நினைத்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் அதன் விலை என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் கடைசி ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்பது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் பீடிக் கூலி போகும். கைப்பிள்ளையோடு மூத்த பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதல் மாதம் வந்தார்கள். இரண்டாவது மாதம் பாதிப் பேர் வந்தார்கள். அப்புறம் நான் வீடு வீடாகப் போய், "இந்தப் புதன் வந்துருங்கம்மா" என்று கெஞ்சினேன். "நீங்க கொண்டாங்க, போட்டுக்கிடுதோம்" என்பார்கள். பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வாசலில் நிற்பது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் முறையாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் 81 சதவீதம். பத்து வருஷம் கழித்து 2015-16-இல் அது ஏறக்குறைய 70. பத்து வருஷத்தில் ரோடு வந்தது, போன் வந்தது, 108 ஆம்புலன்ஸ் வந்தது, பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தடுப்பூசி மட்டும் கீழே இறங்கியது. அந்த உத்தரவு ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் என் ஆறு ஊர்களில் காரணம் அதுதான், அது எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். பின்னால் ஊசி மறுபடியும் ஊருக்குள் வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் 89 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பழக்கம் அறுந்தால் திரும்ப முடிச்சுப் போட அத்தனை காலம் எடுக்கிறது.

அந்த முடிச்சு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது 2017 பிப்ரவரியில் தெரிந்தது. தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் ஒரே மூச்சில் போட வேண்டும். மாநிலம் முழுக்க ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். பள்ளிக்கூடங்களில் போட ஏற்பாடு. இதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது, வெளிநாட்டுச் சதி என்றெல்லாம். பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். குறித்த நாளுக்குள் முடியாமல் கெடுவை நீட்டினார்கள்.

ஒரு அப்பா, படித்தவர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், என்னை வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கையேட்டில் இருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் அசையவில்லை. கடைசியில், "உங்க பேரப்பிள்ளைக்குப் போட்டாச்சா?" என்றார். "நேத்துதான் போட்டேன், என் கையாலேயே போட்டேன்" என்றேன். உள்ளே போய் மகளைக் கூட்டி வந்தார். மாநிலம் முழுக்க விளம்பரம் ஓடியது, நடிகர்கள் பேசினார்கள், அமைச்சர் பேசினார். அந்த வீட்டில் செல்லுபடியானது அந்த ஒரு பதில்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பக்கத்துச் சரகத்தில் அப்போது செவிலியர் இல்லை, பணியிடம் காலி. வேறு ஊர் செவிலியர் ஒருத்தி பொறுப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, அவளையும் யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு தெரு முழுக்கக் கதவு திறக்கவே இல்லை.

'பொறுப்பு' என்ற சொல்லை எங்கள் துறையில் வேலை பார்த்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். காலிப் பணியிடத்தைக் கூடுதலாகக் கவனிப்பது என்று அர்த்தம். 5,000 பேருக்கு ஒருத்தி என்பது 10,000 பேருக்கு ஒருத்தி ஆகிவிடும். அப்போது முதலில் உதிர்வது வீட்டுக்குப் போவது. ஏனென்றால் ரிப்போர்ட் போகவில்லை என்றால் மறுநாளே கேள்வி வரும், மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைப்பார்கள். ஒரு வீட்டுக்குப் போகவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் ஏதாவது நடக்கிற வரைக்கும்.

டெங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எங்களைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது.

2012-இல் கடையநல்லூரில் ஆரம்பித்து எங்கள் பக்கம் முழுக்க டெங்கு பரவியது. அந்த வருஷம் மாநிலத்தில் பதிவான நோயாளிகள் 12,826, இறந்தவர்கள் 66. ஐந்து வருஷம் கழித்து 2017-இல் 23,294 பேருக்கு நோய், 65 சாவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் அதிகம் கிடந்தார்கள்.

டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில் வளரும். முட்டை பொரித்துப் புழுவாகி, கூண்டுப் புழுவாகிப் பறக்க நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள். இப்போது எங்கள் ஊர்க் கணக்கைப் பாருங்கள். கோடையில் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், சில தெருவுக்குப் பத்து நாள் ஆகும். அந்த எட்டு நாளுக்கும் ஒரு குடும்பம் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்துத்தான் வைக்க வேண்டும். தண்ணீர் வருகிற முறையும் கொசு வளர்கிற நாளும் ஒன்றாக இருக்கின்றன. அந்தத் தொட்டியைத்தான் வாரம் ஒரு முறை கொட்டிக் கழுவச் சொல்லி நாங்கள் போய் நின்றோம்.

ஒரு பெண் என்னிடம் கேட்டாள், நான் மறக்கவே மாட்டேன். "நர்சம்மா, கொட்டுதேன். நாளைக்கு எம் பிள்ளைக்குக் கால் கழுவ நீங்க கொண்டாந்து தருவியளா?" என்னிடம் பதில் இல்லை. புழுவைக் கொல்கிற அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, மேலே வேட்டித் துணியைக் கட்டி மூடச் சொல்லிவிட்டு வந்தேன். கழுவும்போது உட்பக்கச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து தேய்த்துக் காட்டினால்தான் மனசில் பதியும். நோட்டீஸில் படித்தால் பதியாது.

குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். ஊருக்குள் விநியோகம் ஊராட்சியின் கையில். ஊராட்சி, ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். மேல்நிலைத் தொட்டியை இயக்குகிறவருக்குச் சம்பளம் சொற்பம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், பவுடர் வாங்கிக் கொடுக்க வேண்டியது ஊராட்சி. மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் வீரியம் போய்விடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எங்கள் சுகாதார ஆய்வாளர் குளோரோஸ்கோப்பில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார். வராது. எழுதி அனுப்புவார். அந்தக் கடிதம் எந்த மேசையில் போய்த் தூங்கியது என்று அவருக்கும் தெரியாது. டவுனுக்குள் போனால் அங்கே நகராட்சி, நகர்நல அலுவலர், துப்புரவு ஆய்வாளர் என்று வேறு துறை, வேறு வரிசை. ஊராட்சி எல்லைக்கும் நகராட்சி எல்லைக்கும் நடுவில் இருக்கிற ஒரு தெருவில் காய்ச்சல் வந்தால், அது யார் கணக்கு என்று பேசி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். ஆனால் காய்ச்சல் எண்ணிக்கை கூடினால் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது சுகாதாரத் துறை ஒன்றுதான்.

புகை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஊரிலும் மக்கள் கேட்டது புகைதான். ஊராட்சி உறுப்பினர்கள் கேட்டதும் புகைதான். புகை, பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் புகை கண்ணுக்குத் தெரிகிறது. தினக்கூலிக்கு வீடு வீடாகப் போய் டார்ச் அடித்துத் தொட்டி பார்க்கிற பெண்ணின் வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சீசன் முடிந்ததும் அவளை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷம் வேறொருத்தி வருவாள். எந்த வீட்டில் மாடியில் உடைந்த ஆட்டுரல் மழைத் தண்ணீரோடு கிடக்கிறது, எந்த வீட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் போன வருஷம் புழு இருந்தது என்பதெல்லாம் முதலாமவளோடு போய்விடும். கொசுவுக்கு இது ஒரு வசதி.

பூட்டிய வீடுகள் இன்னொரு கஷ்டம். புதிதாக வந்த காலனிகளில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் போகிற நேரம் அவர்கள் இல்லாத நேரம். டெங்குக் கொசு கடிப்பதும் பகலில்தான். 1939 சட்டப்படி உள்ளே போய்ப் பார்க்கவும் நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஆய்வாளர் ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தார், அபராதமும் போட்டார்கள். தொட்டி அன்றைக்குச் சுத்தமானது. அடுத்த மாதம் அந்த வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்கப் போனேன், "ஆள் இல்லை" என்று உள்ளேயிருந்தே சொன்னார்கள். சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாண மண்டபம், கட்டடம் கட்டுகிற இடம், டயர்க் கடை இங்கெல்லாம் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். குடியிருக்கிற வீட்டில் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். நோயே மாறிவிட்டது. வயிற்றுப்போக்கில் பிள்ளை சாவது குறைந்து, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. 2020-இல் மாநில அரசு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 7 பேர்தான். அந்த எண்ணைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் குழுவிலிருந்து எடுத்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மறுபடியும் ஒருத்தி பையோடு வாசலுக்கு வருகிறாள் என்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அப்படி ஒரு தன்னார்வலரோடு போனேன். பனையேறி ஓய்ந்த ஒரு தாத்தா. மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொள்கிறார், ஆப்பிலும் ஏறியிருக்கிறது. அன்று பிரஷர் பார்த்தால் 180. "மாத்திரை சாப்பிடுதியளா தாத்தா?" "சாப்பிடுதேனே." நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து காட்டினார். மூன்று மாத அட்டைகள், பிரிக்காமல். தலை சுற்றவில்லை, அதனால் சாப்பிடவில்லை. நோயாளி மருந்து பெற்றார் என்று நாங்கள் ஏற்றிய தகவல் பொய்யில்லை. ஆனால் அந்தத் தகவலில் டப்பா இல்லை. என்னோடு வந்த தன்னார்வலப் பெண் வேலைக்கு வந்து நான்கே மாதம். அவளுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். அடுப்படி வரை போகும் உரிமை வருவதற்குள் அவள் இந்த வேலையில் இருப்பாளா என்பதுதான் என் கவலை.

ஆப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணினிப் பதிவு வந்ததால் நல்லது நடந்திருக்கிறது. கர்ப்பிணி சென்னையிலிருந்து தாய் வீட்டுக்கு வந்தாலும் பிக்மி என்கிற கர்ப்பகாலப் பதிவு எண்ணை வைத்து எல்லாம் பார்த்துவிடலாம். முன்பு அட்டை தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. ஆனால் ரெஜிஸ்டரும் போகவில்லை, போனும் வந்தது. இரண்டிலும் எழுத வேண்டும். என் கடைசி வருஷங்களில் ஒரு தாயின் முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடத் திரையைப் பார்த்த நேரம் அதிகம். சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்கு எழுந்து போய் நிற்பேன். திரும்பி வருவதற்குள் அவள் சொல்ல வந்தது போய்விடும். கணவன் அடிக்கிறான் என்பதையோ, கால் வீக்கம் கூடுகிறது என்பதையோ யாரும் முதல் கேள்விக்குச் சொல்வதில்லை. கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிறபோது சொல்வார்கள்.

தங்கை மகள் கடைசியாக, "என்ன செய்யணும் பெரியம்மா?" என்று கேட்டாள். காலிப் பணியிடத்தை நிரப்புங்கள். நல்லபடி வேலை பார்க்கிறவளை ஒரே ஊரில் ஐந்து வருஷமாவது விட்டு வையுங்கள். துணை சுகாதார நிலையக் கட்டடத்தில் அவள் இரவு தங்குகிற மாதிரி தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டும். தொட்டி பார்க்கிற பெண்ணை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விடுகிறவரும் காய்ச்சல் கணக்கெடுக்கிறவரும் வாரம் ஒரு தடவை ஒரே மேசையில் உட்காரட்டும். இதில் எதுவும் பெரிய ஆராய்ச்சி இல்லை என்றாள். ஆமாம், இல்லைதான்.

போன புதன்கிழமை எங்கள் தெருவுக்குப் புது செவிலியர் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயசுதான் இருக்கும். கோடி வீட்டில் கதவு திறக்கவில்லை என்று என்னைத் தேடி வந்தாள். கூடப் போனேன். என் குரல் கேட்டதும் திறந்தார்கள். ஊசி போட்டு முடித்ததும் அவள் பையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். நாளைக்கு இந்தப் பிள்ளையைப் பார்க்க வருவியா என்று கேட்டேன். நாளைக்கு வேறு சரகத்துக்குப் பொறுப்பு என்றாள். சரி, நீ போ என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை நானே போய்ப் பிள்ளையின் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடுதான்.